சாம்பார் அண்டா பாலம் கடந்த நாள்

அன்று வண்டியோடு போனவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை வாசலில் நின்றிருந்த கேன்டீன் மேஸ்திரியையும் சேர்த்தால் நாலு. வேறு ஒருவரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மேற்கு மாம்பலத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் லோடு அடிப்பார். லோடு கிடைத்தால் அடுப்பு எரியும். அப்படி இருந்தவர்களுக்கு, அடையாற்றுப் பாலம் தாண்டியிருந்த அந்தப் பட்டறைக்கு மதியச் சோறும் சாம்பாரும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அமைந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாகத் தருவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சமையலில் எனக்குப் பயமில்லை. மற்ற எல்லாவற்றிலும் பயம்தான்.

அண்டா போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி ஒரு நீளக் கரண்டியை நட்டுக்குத்தாக உள்ளே விடுவார். கரண்டிக் காம்பில் நீல பெயின்ட்டில் ஒரு கோடு. சாம்பார் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். அந்த வாரம் ஒரு நாளும் தொடவில்லை. மூடி போட்டு வெள்ளைத் துணியால் இழுத்துக் கட்டினாலும் விளிம்பு வழியாக வழிந்துவிடும். கூடுதலாக ஊற்றினால் அண்டா கழுத்துவரை நிற்கும். இன்னும் அதிகமாக வழியும். வெள்ளிக்கிழமை மேஸ்திரி கரண்டியை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"ஏம்மா, பாலத்துல நின்னு ஆத்துக்குப் படையல் போட்டுட்டு வர்றியா? நாளைக்கும் கோட்டுக்குக் கீழ கீதுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன். அப்பால என்னைக் குத்தம் சொல்லாத."

சாயங்காலம் குழாயடியில் அந்தத் துணியைத் துவைக்க உட்கார்ந்தேன். எனக்குக் கவலை வந்தால் கை நிற்காது. ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்படித் தேய்க்கும்போதுதான் கவனித்தேன். மஞ்சள் கறை துணியைச் சுற்றி ஒரே மாதிரி இல்லை. வண்டி போகும் பக்கம், அதாவது அண்டாவின் முன்பக்கம், பட்டையாகப் பிடித்திருந்தது. பின்பக்கம் கொஞ்சம். பக்கவாட்டில் திட்டுத் திட்டாக.

முன்பக்கம் வழிகிறதென்றால் பிரேக் போடும்போது. பின்பக்கம் என்றால் நின்ற வண்டியைக் கிளப்பும்போது. பக்கவாட்டில் என்றால் திருப்பத்தில். சரி, அசோக் நகரின் நீளச் சாலையில்? அங்கே அவர் நன்றாகவே மிதிப்பார். நான் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "யோவ் மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வருவேன். யோசித்துப் பார்த்தால் அந்தச் சாலையில் துணி நனைந்ததே இல்லை. நான் கத்தி, அவர் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்த இடங்களில்தான் நனைந்தது.

துணியைப் பிழியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் காட்டினேன். நாத்தனார் டுடோரியலில் சேர்ந்து பத்தாவதைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். அவள் கறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, நீ வேகத்தைப் பாத்துப் பயப்படறே. சாம்பாரு வேகத்துக்கு அசையாது. முடுக்கத்துக்குத்தான் அசையும்."

"அது இன்னாடி முடுக்கம்?"

"வேகம் சட்டுனு ஏறுதோ இறங்குதோ, அந்த மாத்தம். வேகம் அதேதான், ஆனா வண்டி திரும்புதுன்னு வை, அப்பவும் முடுக்கம் உண்டு. ஏன்னா திசை மாறிடுச்சில்ல? வேகத்தோட திசையும் சேத்துச் சொன்னா அது திசைவேகம். அதுல எது மாறினாலும் சாம்பாரு வெளிய வரும்."

"வாய் மட்டும் நல்லாப் பேசுது. மார்க்குதான் வரமாட்டேங்குது" என்றார் அண்ணன்காரர்.

எனக்கு ஏதோ பிடிபட்டது. மாம்பலத்தில் எத்தனை முறை மின்சார ரயில் ஏறியிருக்கிறேன். ரயில் முழு வேகத்தில் ஓடும்போது கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கொண்டை போடுவேன். கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் பக்கத்தில் நிற்பவர்மேல் போய் விழுவேன்.

"அப்போ வேகமாப் போலாமா?" என்று கேட்டேன்.

"வேகமா இல்ல அண்ணி. ஒரே சீரா."

சனிக்கிழமை கிளம்பும்போது ஒரு முடிவோடு ஏறினேன். இன்றைக்கு இந்த வாய் 'மெதுவா' என்று சொல்லக்கூடாது. முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். தூங்கும் பிள்ளையின் தொட்டிலை ஆட்டுவதுபோல அவர் வண்டியை நகர்த்தினார். பிறகு மிதிக்கு மிதி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினார். அசோக் நகரில் கடைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் துணியையே பார்த்துக்கொண்டு வந்தேன், வெள்ளையாகவே இருந்தது. திருப்பத்தில் ஒடித்துத் திருப்பாமல் அகலமாக வளைத்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னா நைனா, ரோட்டையே வாங்கிட்டியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

ஜாபர்கான்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேட்டில் ஏறியபோது எதிரே இறக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. இறக்கம் முடியும் இடத்தில் ஒரு தண்ணீர் லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற நாளாக இருந்தால் லாரிக்குப் பத்தடி இருக்கும்போது அலறியிருப்பேன். அவரும் பிரேக்கைப் பிடித்திருப்பார். பயம் அன்றும் அதே பயம்தான். ஆனால் எங்கே என்ன ஆகுமோ என்று தொலைவிலேயே தேடுகிற கண் எனக்கு. அதை வைத்துக்கொண்டு ஏன் கடைசி நொடியில் கத்த வேண்டும்?

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். "கீழ லாரி நிக்குது. இப்பவே லேசாப் பிடி. விடாத, அழுத்தாத."

"ரொம்ப தூரத்துல கீதுமே!"

"அதான் சொல்றேன். இங்கேர்ந்தே பிடி."

இறக்கம் முழுக்க பிரேக் மெல்ல உரசிக்கொண்டே வந்தது. வண்டி வேகம் எடுக்கவும் இல்லை, திடுமென்று குறையவும் இல்லை. லாரியை நெருங்கும்போது நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தோம். அவர் நிற்காமலே அதைச் சுற்றி வளைத்தார். துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு மஞ்சள் ஊறியது. நாத்தனார் அதை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "உப்பு சரியா கீது" என்றாள்.

பட்டறை வாசலில் மேஸ்திரி கரண்டியை விட்டார். எடுத்தார். நம்பாமல் இன்னொரு முறை விட்டார். நீலக் கோடு சாம்பாருக்குள் மூழ்கியிருந்தது.

"இன்னாம்மா, அண்டாவை மாத்திட்டியா?"

"அதே அண்டாதாங்க. ஓட்டுறதை மாத்திட்டோம்."

அவர் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். "சரி, வேலை உனக்குத்தான். திங்கட்கிழமைலேர்ந்து ரசமும் கொண்டாந்துடு. இன்னொரு அண்டா கீதா?"

எங்களிடம் இல்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எதற்கும் "யோசிச்சு சொல்றேன்" என்பதுதான் என் வழக்கம். யோசித்து யோசித்தே பல வேலைகளைக் கைநழுவ விட்டிருக்கிறேன்.

"கீதுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே தியாகராய நகர் பாத்திரக் கடைக்குப் போனோம். கழுத்து உயர்ந்த அண்டாவாகத் தேடி எடுத்தேன். விலை அறுநூற்று ஐம்பது சொன்னார்கள். கையில் இருந்த இருநூறைக் கொடுத்தேன். மீதியை வாராவாரம் தருவதாக நானே வாய்விட்டுச் சொன்னேன். வண்டியில் புது அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது, தரவேண்டிய பாக்கி நானூற்று ஐம்பது ரூபாய்.