நண்டுக்குள் இருந்தவர்

ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் அவருக்குப் பகலெல்லாம் குளிர், சாயங்காலம் வேக்காடு. பகலில் ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்றுவார். ஆட்டம் இருக்கிற சாயங்காலங்களில் மைதானத்தின் பம்ப் அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, பஞ்சும் கம்பியும் சிவப்புத் துணியும் சேர்த்துத் தைத்த ஒரு நண்டுக்குள் நுழைந்துகொள்வார்.

"நண்டை வேகவச்சு எல்லாரும் பாத்திருப்பாங்க. நண்டுக்குள்ளயே உக்காந்து வேகறவரு எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்" என்று அவர் மனைவி தெருவில் சொல்லிச் சிரிப்பாள்.

சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிற லீக் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. இன்றைக்குச் சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஏழெட்டு ஊர்கள், ஊருக்கு ஓர் அணி, டிவியில் நேரடி ஒளிபரப்பு. பருந்துகள், ரயில்காரர்கள் என்றெல்லாம் பெயர்கள். துறைமுகத்துக்காரர்கள் நண்டுகள். ஐஸ் ஃபேக்டரி முதலாளிதான் அந்த அணிக்கும் முதலாளி. வேஷத்துக்கு அவர் வெளியே ஆள் தேடவில்லை. பாளம் இழுக்கிறவர்களில் தோள் அகலமானவரைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து நீதான்யா நண்டு" என்றார். அவ்வளவுதான் நியமனம்.

அணியின் மேலாளர் விதிகளைச் சொன்னார். நண்டு பேசக் கூடாது. வெளியில் எங்கேயும் தலையைக் கழற்றக் கூடாது. "உள்ள இருக்கறது யாருன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் அது நண்டு இல்லப்பா, ஆளு." ஆட்டக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். நண்டின் முகத்தைப் பார்த்தவன் அன்றைக்குத் தோற்பான் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை எப்படியோ முளைத்துவிட்டது. ஒருவரும் பம்ப் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குழாயடியில் அவர் முகம் கழுவுகிற சத்தம் கேட்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் நண்டைத் தொடாமல் யாரும் களத்தில் இறங்கியதும் இல்லை. உடைமாற்றும் அறையிலிருந்து புல்லுக்கு வரும் வழியின் வாயில் நண்டு பக்கவாட்டில் நின்று இடது கொடுக்கை நீட்டும். வருகிறவர்கள் வரிசையாக அதில் முஷ்டியால் ஒரு குத்து விட்டுப் போவார்கள். தலைக்குள்ளிருந்து பார்க்க நண்டின் வாய்தான் ஜன்னல். அது வழியே புல்லும் கால்களும் மட்டும் தெரியும். பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை ஊரே முகத்தால் அறிந்திருந்தது. அவர் பூட்ஸால் அறிந்திருந்தார். கேப்டன் நாடாவைக் கணுக்காலில் ஒரு சுற்று சுற்றித்தான் முடிச்சுப் போடுவார்.

கோல்கீப்பருக்கு மட்டும் வலது கொடுக்கு. அவர் பெயரை விட்டுவிட்டு நெட்டை என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். இடது கொடுக்கின் நுனியில் கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு கீறல், துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோல்கீப்பருக்கு விரல்தான் பிழைப்பு. ஒருநாள் நெட்டை விரலில் ரத்தத்தோடு ஆடி, கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டார். அடுத்த ஆட்டத்தில் நீளமான அந்த பூட்ஸ்கள் வாய் ஜன்னலில் தெரிந்ததும் நண்டு உடம்பைத் திருப்பி வலது கொடுக்கை நீட்டியது. பூட்ஸ்கள் சற்றுத் தயங்கின. பிறகு மெத்தென்று ஒரு குத்து விழுந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கம்பியை உள்ளே தள்ளித் தைத்துவிடலாம்தான். ஒருமுறை அவர் கோணி ஊசியும் நூலுமாக உட்காரக்கூடச் செய்தார். அப்புறம் என்னவோ, எடுத்து வைத்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானம் ஃபேக்டரிக்கு ஆள் வந்தது. மனைவிக்கு வலி கண்டுவிட்டது. அவர் ஐஸ் லாரியின் கிளீனரைக் கையைப் பிடித்துப் பம்ப் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பக்கவாட்டுலயே நட. வாயைத் திறக்காத. மூச்சு முட்டினா குனிஞ்சுக்கோ, கீழ கொஞ்சம் காத்து வரும். வரிசையா வருவாங்க, கொடுக்கை நீட்டு."

"அவ்ளோதானாண்ணே?"

"அவ்ளோதான்டா."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் வலது கொடுக்கைச் சொல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓட முடியுமா? மாடிப்படியில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

மகள் பிறந்தாள். நண்டுகள் கோப்பையை ஜெயித்தார்கள். ஊர்வல லாரியில் நின்ற கிளீனர் சந்தோஷம் தாங்காமலோ என்னவோ தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கை காட்டினான். மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நண்டின் உடம்பும் கிளீனரின் முகமும் வந்தன. ஊருக்கு நண்டு என்றால் அந்த முகம் என்று ஆகிவிட்டது.

அதைத் திருத்த அடுத்த சீசன் வரவில்லை. டிவிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். முதலில் பருந்துகள் கலைந்தார்கள், பிறகு ரயில்காரர்கள், பிறகு மற்றவர்கள். யாரும் லீக் முடிந்தது என்று அறிவிக்கவில்லை. கடை திறக்காத நாள்கள் தொடர்ந்தால் கடை மூடிவிட்டது என்று புரிந்துகொள்வதுபோல எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

"சட்டப்படி பாத்தா இன்னிக்கும் நாமதான் சாம்பியன்" என்பார் அவர்.

"தோக்கடிக்க ஆளே இல்லைன்னா நானும்தான் சாம்பியன்" என்பாள் மனைவி.

ஐஸ் ஃபேக்டரியும் மூடியது. அவர் மீன் குடோன் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றார். கூட்டமான கடைகளிலும் பஸ்ஸிலும் தோளை முன்னே விட்டுப் பக்கவாட்டில் நகர்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூட நாளில் மகள் அதைப் பார்த்து வெட்கப்பட்டு நாலடி தள்ளி நடப்பாள். இப்போது அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்பாள்: "என்னாலதானப்பா நீங்க அந்த லாரில ஏறல?" "லாரி என்னம்மா, தினமும் ஏறினதுதானே" என்பார்.

அந்த மைதானத்தை அடுக்குமாடிக்காக விற்றுவிட்டார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. இடிப்பதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்கள் கூடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், கேப்டன் வீட்டு மோட்டார் கொட்டகையில் கிடந்த நண்டும் வருகிறது என்று கீழே போட்டிருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். மாலை, மரியாதை எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த அணியில் யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்து, "நீதானா அது?" என்று கேட்க வேண்டும். மைதானம் போய்விட்டால் அப்படிக் கேட்க இடமே இருக்காது.

"நீயும் வாயேன்" என்றார் மனைவியிடம்.

"அந்தத் துணி நாத்தம் இன்னும் என் மூக்குலயே இருக்கு. நீங்களும் உங்க பொண்ணும் போயிட்டு வாங்க."

வாசலில் காவலாளி நிறுத்தினான். "சார், ஆட்டக்காரங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"நண்டு."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நண்டு சார் அப்பவே உள்ள போயிட்டாரே. டயர்க்கடை வச்சிருக்காரே, அவரு."

"அப்பா, சொல்லுங்கப்பா" என்று மகள் பொரிந்தாள். "ஒரே ஒரு நாள் போட்டவரு அவரு. மத்த நாளெல்லாம் எங்கப்பாதான்!"

"விடும்மா."

"என்ன விடும்மா? எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் இப்படி வாசல்ல நிக்கறீங்க."

அதற்குள் கேப்டன் அந்தப் பக்கம் வந்தார். தலை வழுக்கை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. "ரசிகர்களா? வாங்க, வாங்க. அந்தப் பக்கம் டீ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளோடு அவர் டீயை வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. பம்ப் அறைக்குக் கூரை இல்லை.

பழையபடியே வரிசையாக வெளியே வருவது என்று ஏற்பாடு. வழியின் வாயில் நண்டு நின்றது. சாயம் போய், ஒரு கண் விழுந்து, உள்ளே டயர்க்கடைக்காரரின் தொப்பை துருத்திக்கொண்டிருந்தது. முன்னாள் நண்டுகள் மூச்சு வாங்க ஒவ்வொருவராக வந்து இடது கொடுக்கில் குத்தினார்கள். "அம்மாடி, கம்பி இன்னும் இருக்குடா!" என்று ஒருவர் கையை உதறினார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக நெட்டை. இப்போது கூன் விழுந்து மற்றவர்கள் உயரத்துக்கு வந்திருந்தார், கையில் ஊன்றுகோல். நண்டு இடது கொடுக்கை நீட்டியது. நெட்டை முஷ்டியை உயர்த்தி, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்ன நெட்டை, நேரமாகுது" என்றார் கேப்டன்.

"அன்னிக்கும் இதேதான் நடந்தது" என்றார் நெட்டை. "ஃபைனலன்னிக்கு. தொடாமலேயே உள்ள போனேன். இது நம்ம நண்டு இல்ல."

"பேப்பர்ல வந்த போட்டோவே இருக்கேப்பா."

"போட்டோ என்னத்தைக் கண்டுது? நம்ம நண்டு எனக்கு இந்தக் கையைக் கொடுக்காது."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய வலது கை நீண்டிருந்தது. எப்போது நீண்டது என்று அவருக்கே தெரியாது. டீ க்ளாஸ் இடது கைக்கு மாறியிருந்தது, உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மகள்தான் முதலில் கவனித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெட்டையும் பார்த்தார். ஊன்றுகோலை ஊன்றி, புல்லை விலக்கிக்கொண்டு மெதுவாக வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைத்தான் பார்த்தார். மெத்தென்று ஒரு குத்து விட்டார். அதற்கப்புறம் நிமிர்ந்தார்.

"நீதானா அது?"

அவர் தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

அவர் மகளைக் காட்டினார். "இவ பொறந்தா."

நெட்டை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, மன்னிச்சாச்சு" என்றார்.

அங்கே நண்டின் தலை கழன்றது. டயர்க்கடைக்காரர் வேர்த்து வழிய எட்டிப் பார்த்தார். "யாருங்க அது... அண்ணே! வாங்கண்ணே, வந்து நீங்களே மாட்டிக்குங்க. உயிர் போகுது. இதுக்குள்ள எப்படித்தான் இருந்தீங்களோ! அன்னிக்குத் தலையைக் கழட்டினதே மூச்சு முட்டித்தான். ஊரு என்னடான்னா அதைப் போட்டோ புடிச்சிருச்சு."

அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். தலைக்குள் பூச்சிமருந்து நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, உப்பும் ஈரமுமாக. மனைவி சொன்னது சரிதான். வாய் ஜன்னலில் புல் தெரிந்தது, பிறகு கால்கள் வந்து சேர்ந்தன. செருப்புகள், வீங்கிய கணுக்கால்கள், ஓர் ஊன்றுகோல், பளபளப்பான கறுப்பு ஷூ ஒரு ஜோடி. அந்த ஷூவின் நாடா கணுக்காலை ஒரு சுற்று சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது.

"அப்பா, தலையைக் கழட்டுங்கப்பா! மூஞ்சி தெரிய வேணாமா?" மகளின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

நண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டது.

"ஆமாங்க, ஒண்ணு முகம் தெரியற மாதிரி எடுத்துக்கலாமே" என்றார் கேப்டன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் நெட்டை. "பாத்தவன் தோப்பான். நான் ஒருத்தன் பாத்துட்டேன், போதும். நான் தோத்துக்கறேன்."

போட்டோ ஒரு வாரம் கழித்து வந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் முகமாக விரல் வைத்துத் தேடினாள்.

"எங்கங்க, உங்களையே காணோம்?"

அவர் நண்டைக் காட்டினார்.

"போச்சு. இதுலயும் மூஞ்சி இல்லையா?"

"கையைப் பாரு" என்றார்.

நண்டு வலது கொடுக்கை நீட்டியிருந்தது. ஊன்றுகோலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற கிழவர் ஒருவர் அதைத் தன் கைக்குள் வைத்திருந்தார்.