நேற்றைய சேதிக்கு இன்று வளைந்த பூக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பூக்கள் என்னை வாயடைக்க வைத்தன.

கண்டியில் பூக்கடை வைத்திருக்கும் பரீனா என் சிநேகிதி. கல்யாண மேடை அலங்காரத்துக்கு அவளுக்குக் கிடைத்த முதல் ஓர்டர் அது. நீளமான கிளேடியோலஸ் பூத்தண்டுகளை முந்தின நாள் பின்னேரமே பக்கத்து ஊரான குண்டசாலையில் ஒரு குளிர் அறையில் படுக்கவைத்துவிட்டாள். காலையில் எடுத்தபோது எல்லாம் நேராகவே இருந்தன. இருவருமாக மண்டபத்து ஜாடிகளில் நிமிர்த்தி வைத்தோம்.

வாசல் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால்... நுனிகள் அத்தனையும் வளைந்திருக்கின்றன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்!

“யா அல்லாஹ்! நேராத்தானே வெச்சோம்?” பரீனா ஒரு தண்டை நிமிர்த்திப் பார்த்தாள்.

மணப்பெண்ணின் அம்மா வந்து பார்த்தார். “நல்ல காரியத்துல தலை சாஞ்ச பூவா? எல்லாத்தையும் எடுத்துடுங்க!”

வேறு பூவுக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? பரீனா அழத் தொடங்கிவிட்டாள்.

சத்தம் கேட்டு, பாதி மேக்கப்போடு வந்தாள் மணப்பெண் கௌசி. தாவரவியல் படிப்பிப்பவள். ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, நேத்து இதுகளக் குளிர்ல படுக்க வெச்சீங்களா?”

“ஓ... அத யாரு சொன்ன?”

“பூவே சொல்லுதே!”

பிறகு விளக்கினாள். படுத்துக்கிடக்கும் தண்டுக்கு எது கீழ்ப்பக்கம் என்று தெரியுமாம். ஆக்சின் என்ற ஹார்மோனை அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே வளர்ச்சி கூடி, நுனி மேல்நோக்கி வளையும். ஆனால் கடும் குளிரில் ஆக்சினின் பயணம் தடைப்பட்டுவிடும். ‘படுத்திருக்கிறேன்’ என்ற சேதி மட்டும் உள்ளே தங்கியிருக்கும். சூடு பட்டதும் ஹார்மோன் ஓடத் தொடங்க, நிமிர்ந்து நிற்கும் தண்டு நேற்றைய சேதிப்படி, நேற்று மேலே இருந்த பக்கமாக வளைகிறது!

மூளை இல்லை. நரம்பு இல்லை. வேரிலிருந்து வெட்டியும் ஆயிற்று. பிறகும் ஞாபகமா? எனக்குப் புல்லரித்தது.

“எத்தனை வருஷமா புள்ளைங்களுக்கு இதப் படம் வரைஞ்சு காட்டுறேன்... இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன். இருக்கட்டும்மா,” என்றாள் கௌசி. அவள் கண் கலங்கியிருந்தது.

அம்மா ஒரு வளைவை விரலால் மெல்லத் தடவினார். “அப்ப இது இன்னும் உயிரோடதான் இருக்கு, என்ன?”

பூக்கள் மேடையிலேயே நின்றன. ஃபோட்டோக்களில் மணமக்களைவிட அவைதான் அழகு!

எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்... காலையில் வாங்கிவரச் சொன்ன தேங்காய், மாலைவரைகூட அவர் ஞாபகத்தில் நிற்பதில்லை.