கடைசிப் பை இறால் ஓடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு விசித்திரமான ஆராய்ச்சி வாய்த்தது. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன்மேல் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை ஒட்டி வளர்த்து, காகிதம்போல் மெல்லிய படலமாக்க வேண்டும். இறாலுக்கும் மின்சாரத்துக்கும் கல்யாணத் தரகு பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வேன்.

ஓடு சேகரித்தது என் மனைவி. முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவள், சனிக்கிழமைதோறும் கிள்ளான் பாசார் மீன்கடைகளில் கேட்டு வாங்கி வந்து, பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் பால்கனியில் மூக்கைப் பொத்திக்கொண்டு காயவைப்பாள்.

"தாலி கட்டுறப்ப இறால் ஓடு பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்பாள்.

மூளையில் இரத்தம் கசிந்து, மூன்றே நாளில் போய்விட்டாள். கருமாதி முடிந்த பிறகு பார்த்தால் பால்கனியில் ஒரு பை ஓடு மிஞ்சியிருந்தது. அதில்தான் கடைசிப் படலத்தைச் செய்தேன். அதுவரை உதிர்ந்துகொண்டே இருந்த சனியன், அன்றைக்குப் பார்த்துக் கரும்பச்சையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அதைத் துண்டுதுண்டாக வெட்டி, இழுத்து, எரித்துச் சோதித்தால்தான் பட்டம். கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். ஒரு வாரம் இதே வேலை.

அறிக்கையில் காலியாக இருந்த கட்டங்களைப் பேராசிரியர் காட்டினார்.

"இதெல்லாம் ஏன் தம்பி செய்யல?"

"ஓடு தீர்ந்துபோச்சு சார்."

"என்ன லா ஜோக் அடிக்கிறீங்க? கிள்ளான் பாசார்ல இறாலுக்குப் பஞ்சமா?"

"பஞ்சம் இல்ல சார். ஆனா தீர்ந்துபோச்சு."

நான் பட்டம் வாங்கவில்லை. படலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.