சீசனுக்கு விட்ட முன்னறை

போன வாரம் சென்னையிலிருந்து பெரியப்பாவின் பேத்தி ஃபோன் செய்தாள். “அத்தை, சீசன் ஆரம்பிச்சிடுச்சாமே? நாங்க ஆறு பேர் வரோம். லாட்ஜ்ல கண்டபடி வாடகை கேக்கறான். உங்க வீட்லயே தங்கிக்கறோம்.” கேட்கவில்லை, பாருங்கள், அறிவித்தாள். நல்ல பெண்தான். ஆனால் ‘சீசன்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே, காயாத ஈரத்துண்டின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. கூடவே கோபமும். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்றால் அருவி. தென்காசியில் வீடு வைத்திருந்த எங்களுக்கு அது விருந்தாளி. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், வருஷம் முழுக்க எங்களை மறந்திருந்த சொந்தங்களுக்கெல்லாம் பாசம் பொங்கிவிடும். அருவியில் குளித்தவன் பசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமே. காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். அடுப்பு அணையவே அணையாது. மூன்றே மைலில் அருவி. சீசனில் ஒருநாள்கூட அம்மா அதில் தலை நனைத்ததில்லை.

அப்பா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். தேக்கு என்ன விலை, ஈட்டி என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அரிசி என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பதோடு அவர் கடமை முடிந்தது. மாசத்தின் முன்பாதியில் எங்களுக்குச் சீனிக் காப்பி, பின்பாதியில் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டிதான் உடம்புக்கு நல்லது என்பாள் அம்மா. முன்பாதியில் ஏன் நல்லதில்லை என்று நாங்கள் கேட்டதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம், பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். தெருவில் பலரும் செய்ததுதான்: முன்னறையைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் பின்கட்டில் ஒடுங்கிக்கொள்வது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே சுண்ணாம்பு அடித்தாள். சிவகிரியில் எண்ணெய்க்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மனைவியின் கைகால் குடைச்சலுக்கு அருவிக்குளியல் ஆகும் என்று, முழு வாடகையும் முன்பணமாகத் தந்துவிட்டுப் போனார். பணம் உளுந்து டப்பாவுக்குள் போயிற்று. நான் அன்றைக்கே டீச்சராகிவிட்டேன். தம்பியைச் சுவரோரம் நிறுத்தி, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அதட்டினேன்.

சிவகிரிக்காரர் வருவதற்கு முந்தின நாள், மெட்ராஸிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். பெரியம்மா, நாலு பிள்ளைகள், பெரியம்மாவின் அம்மா.

“வாங்கண்ணே, வாங்க. இது உங்க வீடு” என்றார் அப்பா.

அடுக்களைக்குள் அம்மா குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “முன்னறைய விட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“ஏட்டி, கூடப்பிறந்தவன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஊர்ல என்ன பேசுவான்?”

மறுநாள் சிவகிரி அண்ணாச்சி படுக்கை, பாத்திரத்தோடு குதிரைவண்டியில் வந்து இறங்கினார். அப்பா உளுந்து டப்பாவைத் திறந்து, தன் கையாலேயே பணத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். “முன்னாலேயே சொல்லியிருந்தா பண்பொழிப் பக்கமாவது வீடு பாத்திருப்பேனே” என்று அந்த மனுஷர் முணுமுணுத்தபடி வண்டி ஏறினார். குளித்துவிட்டு வந்த பெரியப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏலே, தண்ணி என்னமா விழுது! இங்கன இருக்கதுக்கு நீ குடுத்து வச்சிருக்கணும்லே” என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, ரசத்தில் புளி தூக்கல் என்றார்.

ஒரு மாசம் இருந்தார்கள். ஃபீஸ் கட்டும் தேதி போயிற்று, இடமும் போயிற்று. புறப்படும்போது பெரியப்பா என் உள்ளங்கையில் சில்லறையை வைத்து, “வளையல் வாங்கிக்கோ” என்றார். ரயிலேற்றிவிட்டு வந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள்: “உங்க அண்ணன் குளிச்சிட்டுப் போனது அருவித் தண்ணியில இல்ல. எம்பிள்ளை ஃபீஸுல.” அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காப்பி கேட்டார். கருப்பட்டிக் காப்பி. அந்த ஆடிக்கு அரிசிக்கடையில் ஏறிய கடன் கார்த்திகை வரை தீரவில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

எனக்குப் பெரியப்பா மேல்கூட அவ்வளவு கோபமில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது; யாரும் சொல்லவில்லை. அப்பா மேல்தான். தாராளமான மனுஷன் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தாராளத்துக்குக் காசு கட்டியது அம்மாவும் நானும். இதை யார் முகத்துக்கு நேரேயும் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, இப்போது அந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். குற்றாலம் போகிற வழியெல்லாம் லாட்ஜ் முளைத்த பிறகு, அறை கேட்டுப் படுக்கையோடு வருகிற குடும்பங்கள் நின்றுபோயின. தெருவில் யார் வீட்டுக் கொடியிலும் வெளியூர்த் துண்டு தொங்குவதில்லை. முன்னறை வருஷக்கணக்காகச் சும்மாதான் கிடக்கிறது.

“முன்னறைய சீசனுக்கு விட்டாச்சே, ஏட்டி” என்றேன் பெரியப்பாவின் பேத்தியிடம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.