அந்த மன்றாட்டுக்கு நானும் பதில் சொன்னேன்

கடந்த ஞாயிறு பூசையில் நடந்ததை எழுதலாமா, வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். "விடுமப்பா" என்றார் கணவர். விட முடியவில்லை!

என் தங்கை தர்ஷி, மொன்றியல் ரொக் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிற்றார் வாசிப்பவள். நேற்றுவரை டவுன்டவுன் மதுக்கூடங்களில் காலி மேசைகளுக்கு வாசித்த குழு. ஒரு பாட்டு கைபேசி கைபேசியாகப் பரவியது... இன்று ஐரோப்பாவில் நகரத்துக்கு நகரம் அரங்கு நிறைகிறது. அந்தப் பாட்டின் 'தும்-தும்' எப்படிப் பிறந்தது தெரியுமா? மகள் மாயாவைத் தோளில் போட்டுத் தட்டி நித்திரையாக்கியபோது!

மாயாவுக்கு இரண்டு வயது. தர்ஷி திரும்பும்வரை அப்பா ரூபனோடு இருக்கிறாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர் அவர். இரவு வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார். பகலில் பிள்ளைக்குக் கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகம், மாலையில் அப்பா. அவ்வளவுதான்.

பூசையில் மன்றாட்டு நேரம். அன்று அதை எழுதி வாசிக்கும் முறை எங்கள் கோயில் எமில்டா அன்ரிக்கு; ஒலிவாங்கி முன் வந்தார்.

"தாயைப் பிரிந்து வாடும் எங்கள் பங்கின் சின்னக் குழந்தைக்காக மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கோயில் முழுக்கப் பதில். அதில் என் குரலும்! சொல்லி முடித்த பிறகுதான், அது எங்கள் மாயா என்று மண்டையில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். 'வாடும்' குழந்தை தகப்பன் மடியில் இருந்து அவருடைய சேர்ட் கொலரைச் சப்பிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். நேரே அன்ரியிடம் போனேன்.

"ஆரைச் சொன்னனீங்கள் அன்ரி?"

"நான் பேர் சொன்னனானே? செபத்தால ஆருக்கும் கேடு வருமே பிள்ளை?"

"உங்கட மருமகன் கிழமைக்கணக்கா ட்ரக் ஓடுறார். அவற்ற பிள்ளையளுக்கு ஒரு நாளும் மன்றாடேல்லையே?"

"அது உழைப்பு. இது... பாட்டு."

கையில் இருந்த ரோல்ஸை நசுக்கியே விட்டேன்.

அன்று மாலை ரூபனும் மாயாவும் எங்கள் வீட்டில். தர்ஷி அழைத்தாள். யாரோ வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, நான் திரும்பி வாறன். டிக்கெட் பாக்கிறன்."

"உனக்கென்ன விசரே?"

"மாயாக்காகக் கோயில்ல மன்றாடினவையாம். நீயும் பதில் சொன்னியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "சொன்னனான். வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது."

தர்ஷி சொன்னாள்: "எங்கட கிற்றார்காரன் மத்தியூவுக்கும் இதே வயசில ஒரு மகன். 'பிள்ளையைப் பிரிஞ்சு எவ்வளவு தியாகம்' எண்டு அவனைத் தட்டிக் குடுக்கினம். என்னட்டப் பேட்டி எடுக்கிறவையும் கேக்கிறது, 'பிள்ளையை ஆர் பாக்கிறது?'"

எங்கள் சனம்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஐரோப்பாவுமா!

ரூபன் என் கையிலிருந்த போனைப் பறித்தார். "நீ வந்து நிண்டாப் பார்! உன்ர பெட்டியை நானே திரும்ப பிளேனில ஏத்துவன். என்ர வேலையே அதுதானே!"

அழுதுகொண்டே சிரித்தாள். டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் மேடை ஏறினாள்.

எனக்குப் பயம் இல்லையா? என் மகன் இருமினாலே வெப்பமானியைத் தேடுவேன். தர்ஷி விமானம் ஏறிய அன்று, "காய்ச்சல் வந்தால்?" என்று நானும்தான் கேட்டேன். ஆனால் அதைக் கடவுளுக்கு அனுப்புவதாகச் சொல்லி, ஊருக்கே கேட்க ஒலிவாங்கியில் வாசிப்பது செபமா? வம்பு!

வரும் ஞாயிறு மன்றாட்டு வாசிப்பது என் முறை. எழுதியும் விட்டேன்: "தொலைதூரம் ட்ரக் ஓட்டப் போன தந்தையரைப் பிரிந்து வாடும் குழந்தைகளுக்காக மன்றாடுவோம்."

வாசிப்பது சரியா? தெரியவில்லை...

ஆனால், எமில்டா அன்ரியின் வாயும் பதில் சொல்லிப் பழகிய வாய்தானே!