வாய் பிளந்த வாண்டன்

டெய்லரம்மா வீட்டில் விருந்தென்றால் சீனத்துப் பலகாரமான வாண்டன்தான். மெல்லிசாகத் தேய்த்த மைதாச் சதுரங்களையும், இஞ்சி தட்டிப் பிசைந்த கொத்துக்கறியையும் நடுவில் வைத்துவிடுவாள். அவரவர் தின்பதை அவரவரே மடிக்க வேண்டும். வீட்டுக்காரர் தபால் கவர் போல மடிப்பார். மகள் படகு போல. சின்னவன் மடித்தது மட்டும் எண்ணெயில் வாய் பிளந்து கறியைக் கக்கும்.

“எருமை, ஓரத்துல தண்ணி தொட்டு ஒட்டுடா! எண்ணெயே நாசமாப் போச்சு!” என்று கத்துவாள்.

“வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா” என்பான்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். இந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவனுக்குப் போன் போட்டாள்.

“வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்.”

தனியாக உட்கார்ந்து மடித்தாள். ஒரு கவர், ஒரு படகு. பிறகு தண்ணீரே தொடாமல், ஏனோதானோவென்று, சின்னவனைப் போல ஒன்று. எண்ணெயில் போட்டுவிட்டு, அது பிளக்கட்டும் என்று காத்து நின்றாள்.

பிளக்கவில்லை. காலமெல்லாம் துணியை மடித்துத் தைத்த கை, அவளைக் கேட்காமலே ஓரத்தை அழுத்தி ஒட்டியிருந்தது.

கரண்டி நுனியால் அவளே அதைக் குத்திப் பிளந்தாள். கறி எண்ணெயெங்கும் சிதறியது.

“எருமை!” என்று வீடு அதிரக் கத்தினாள். “எண்ணெயே நாசமாப் போச்சு!”