சொல்ல வேண்டாம் என்றவள்

உயர்தரப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, அம்மாவும் நம் வகுப்பாசிரியையும் பாடசாலை வாசலில் ஒன்றாக நின்றிருந்தார்கள். அம்மா ஒருநாளும் என்னைக் கூட்டிப்போக வந்ததில்லை. "சுபா போயிட்டாம்மா" என்றார் டீச்சர். எப்போது என்று கேட்டேன். ஒன்பது நாளாகிவிட்டதாம். அடக்கமும் முடிந்திருந்தது.

விடைபெறும் மாணவியாக இந்தப் பாடசாலை ஆண்டு மலருக்குப் பள்ளி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு இந்தப் பள்ளி என்றால் சுபாஷினிதான். வேறு எதை எழுதுவது?

ஆறாம் ஆண்டில் உக்குவளையிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தவள். சமயப் பாட மணி அடித்தால் இந்துப் பிள்ளைகள் நாங்கள் எழுந்து நூலகத்துக்குப் போவோம்; கத்தோலிக்கப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். முதல் நாள் நான் எழுந்தேன், பக்கத்தில் இருந்த அவளும் எழுந்தாள். பெயரை வைத்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு தவணை முழுக்கத் தேவாரம் படித்தாள். சைவநெறியில் என்னைவிடக் கூடுதல் புள்ளி வேறு! தேர்ச்சி அறிக்கையைப் பார்த்து, கத்தோலிக்கரான அவளுடைய அம்மா அரண்டுபோய் அதிபர் சிஸ்டரிடம் ஓடிவந்தார். "ஏம்மா நீ சொல்லல?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே சிஸ்டர்" என்றாள். சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "எனக்கு இங்க உன்ன மட்டுந்தாண்டி தெரியும். நீ எந்திரிச்ச, நானும் வந்துட்டேன்." சரியான கள்ளி.

பதிலுக்கு நானும் பூசை நாட்களில் அவளோடு சிற்றாலயத்துக்குப் போவேன். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முழிப்பேன். சீருடையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள்.

பன்னிரண்டாம் ஆண்டில் அவளுக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரி வார்டுக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொண்டுபோவேன். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, "இனி வராத. போய்ப் படி" என்று விரட்டினாள். நானும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பரீட்சை மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை எனக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. அடுத்த வருஷம் எழுதுவாள் என்று நினைத்துக்கொண்டேன். இடையில் ஒருநாள் டீச்சரிடம் விசாரித்தேன். "இருக்கா, நீ உன் பேப்பர பாரு" என்றார். என் வகுப்புத் தோழிகளே, அவள் போனது உங்களில் சிலருக்கு அப்போதே தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய்.

செய்தி கேட்ட மறுநாள் உக்குவளைக்குப் போனேன். அவளுடைய அம்மா என் கையை விடவே இல்லை. "அவதாம்மா சொல்ல வேணாம்னா. தெரிஞ்சா பரீட்சய விட்டுட்டு ஓடி வந்துருவா, முடிஞ்சப்புறம் சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

ஓடித்தான் வந்திருப்பேன். பரீட்சையை அடுத்த வருஷமும் எழுதலாம். அவள் முகத்தை இனி எந்த வருஷம் பார்ப்பது?

அவளை மன்னித்துவிடச் சொல்கிறார் சிஸ்டர். மாட்டேன். எனக்காக அவள் எடுத்த முடிவு அது, என்னைக் கேட்காமல் எடுத்தது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். இதையும் விட்டுவிட்டால், அவளோடு சண்டை போடக்கூட எனக்கு ஒன்றும் இருக்காது.